பின்னேரப் பள்ளிக்கூடத்து ஆள்

மார்ச் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை யசீகரன் கணினியைத் திறந்தபோது, திரையின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் இருநூற்றுப் பதினேழு என்று நின்றது. இருநூற்றுப் பதினேழு பேருடைய படிப்பு மெய்யா பொய்யா என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவனுடைய தொழில். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் தாங்கள் படித்ததாக எழுதும் பள்ளிக்கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் விசாரித்து, 'உறுதி', 'உறுதியில்லை', 'தகவல் போதாது' என்ற மூன்றில் ஒன்றைப் பதிந்துவிடும் நிறுவனம் அது. ஓக்லாந்தில், நியூ லின் ரயில் நிலையத்துக்கு எதிரே இரண்டாம் மாடியில் ஒன்பது வருடமாக அந்தக் கதிரையில் இருக்கிறான். ஐந்து பேர் செய்த வேலையை ஜனவரியிலிருந்து இரண்டு பேர் செய்தார்கள். மற்றவள் அஸ்வினி, மதுரைப் பெண், காதில் எப்போதும் தொலைபேசி மாட்டியபடி இருப்பாள்.

மேலாளர் லோசா, சமோவாக்காரி. குரலை உயர்த்தத் தெரியாதவள். முதல் நாள்தான் அவனுடைய மேசையோரம் வந்து நின்று, மாத முடிவுக்குள் அந்த எண் நூறுக்குக் கீழே இறங்காவிட்டால் மேலிடத்துக்கு என்ன சொல்வது என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பத்தரைக்குக் கைபேசி அதிர்ந்தது. குணரத்தினம் ஐயா. திருநெறிக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஓக்லாந்துக் கிளைத் தலைவர். யசீகரன் செயலாளர். நாலு வருடத்துக்கு முந்திய பொதுக்கூட்டத்தில் அவன் தேநீர் எடுக்கப் போன இடைவெளியில் அவனைத் தெரிவு செய்திருந்தார்கள். கோப்பையோடு திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

"தம்பி, வேலையோ?"

"ஓம் ஐயா, வேலையிலைதான் நிக்கிறன்."

"அப்ப சுருக்கமாச் சொல்லுறன்," என்று தொடங்கி அவர் இருபது நிமிடம் சொன்னார்.

விசயம் இதுதான். ஒவ்வொரு மார்ச்சிலும் திருநெறிக்காரருக்கும் வாகீசக் கல்லூரிப் பழைய மாணவருக்கும் பிளாட் புஷ்ஷில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். ஊரிலே அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் இருந்த போட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கி வைத்திருந்தார்கள். ஏழு வருடம் தொடர்ந்து தோற்ற திருநெறி போன வருடம் வென்றது. வென்றதற்கு ஒரே காரணம் புதிதாகச் சேர்ந்த கிளெமென்ட் என்பவர். இடக்கைச் சுழல்பந்து. ஐந்து விக்கெற்றுகள். இப்போது வாகீசத்தின் செயலாளர் சஞ்சீவன் மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கிளெமென்ட் என்ற பெயரைத் திருநெறியின் எந்த ஆண்டு மலரிலும் எந்த வகுப்புப் படத்திலும் காணவில்லை. அவர் பழைய மாணவர்தான் என்பதை அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் எழுத்தில் தர முடியுமா?

"எங்கடை பள்ளிக்கூடத்திலை கிளெமென்ட் எண்டு ஒருதர் படிச்சதா நானும் அறியேன்," என்றார் குணரத்தினம். "ஆனா நான் அறுபத்தெட்டிலை விட்டு வந்திட்டன். அது உம்மடை காலம். நீர்தான் விசாரிச்சு ஒரு கடிதம் குடுக்கவேணும். உம்மடை வேலையும் அதுதானே."

"ஐயா, இந்தக் கிழமை எனக்கு..."

"ஒரு பக்கம் காணும் தம்பி. வடிவா விசாரியும். விசாரிச்சுப்போட்டு, எங்கடை ஆள் எண்டு எழுதும்."

கைபேசியை வைத்த பிறகும் யசீகரன் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். விசாரிக்கச் சொன்னாரா, எழுதச் சொன்னாரா? இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எதைச் செய்வது?

கிளெமென்ட்டின் அங்கத்துவப் படிவம் மின்னஞ்சலில் கிடந்தது. 'கல்லூரியில் கல்வி கற்ற காலம்: 1991 – 1995' என்று உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார். யசீகரன் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படித்த அதே வருடங்கள். வயதும் ஒன்றுதான். அப்படியானால் ஒரே ஆண்டு. அந்த ஆண்டில் இரண்டே வகுப்புகள். மொத்தம் எழுபது பொடியன்கள். அவன் கண்ணை மூடிக் கதிரைகளை வரிசையாக எண்ணிப் பார்த்தான். எந்தக் கதிரையிலும் கிளெமென்ட் இல்லை. இன்னொரு தரம் எண்ணினான். இந்தத் தடவை தன்னுடைய கதிரையே எங்கே இருந்தது என்பது குழம்பிவிட்டது.

வரதராஜனை அழைத்தான். வரதன் மின்சாரவேலை செய்பவன், அதே ஆண்டுக்காரன். கிளெமென்ட்டைச் சங்கத்துக்குக் கூட்டிவந்தவனும் அவன்தான்.

"மச்சான், கிளெமென்ட் ஏ வகுப்போ பி வகுப்போ?"

"பி எண்டு நினைச்சன்."

"பி வகுப்பு நான்."

"அப்ப ஏ."

"ஏ வகுப்பு நீ."

வரதன் துளைக்கும் இயந்திரத்தை நிறுத்தினான். "டேய், அவனுக்கு எல்லாம் தெரியுமடா. கிணத்தடி தெரியும், ஓடாத மணிக்கூடு நாலு இருபதிலை நிண்டது தெரியும், கன்ரீன் சின்னராசாவின்ரை கெந்தல் நடை தெரியும். படிக்காமல் எப்பிடித் தெரியும்? நீயும் நானும் மறந்திட்டம், அவ்வளவுதான்."

அப்படியும் இருக்கலாம். யசீகரனுக்கு அண்மையில் நிறைய விசயங்கள் மறந்துபோயிருந்தன.

மதியம் சாண்ட்விச்சைக் கடித்தபடி அவன் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வேறு எப்படி விசாரிப்பது என்று தெரியாமல், பழக்கதோசத்தில், நிறுவனத்தின் கணினியிலேயே கிளெமென்ட்டுக்கு ஒரு புதிய கோப்பைத் திறந்தான். பெயர், மின்னஞ்சல், கல்லூரி, வருடங்கள். எழுதிப் பார்த்தால் மூளை தெளியும் என்று நினைத்தான். முடிவு என்ற கட்டத்தில் 'தகவல் போதாது' என்று போட்டான். வரைவாக வைத்துவிட்டுப் பிறகு அழித்துவிடுவது அவனுடைய எண்ணம். அந்த நேரம் பார்த்து லோசா கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டாள். அவசரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினான் என்பது அவனுக்கு நினைவில்லை. வந்து பார்த்தபோது மூலையில் இருநூற்றுப் பதினேழாகவே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று நம்பினான்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிளாட் புஷ் வீட்டில் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"யசீகரன் அண்ணையோ? நான் கிளெமென்ட் கதைக்கிறன். உங்களை ஒரு உதவி கேக்கலாமோ?"

"சொல்லுங்கோ."

"எனக்கு ஒரு இமெயில் வந்திருக்கு அண்ணை, உங்கடை கொம்பனியிலை இருந்து. நான் படிச்சதை உறுதிப்படுத்த ஏலாதாம். பத்து நாளுக்குள்ளை அத்தாட்சி அனுப்பட்டாம். எங்கடை பெயின்ற் ஃபக்ரறியிலை சுப்பவைசர் வேலை தந்திருக்கினம். கடிதம் கையிலை கிடக்குது, இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. அதுக்கிடையிலை இது. ஆரோ என்னைப் பற்றி எழுதிப் போட்டிருக்கினம் போலை. நீங்கள் அங்கைதானே வேலை. ஆர் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

யசீகரனின் கையில் உலக்கை நின்றுவிட்டது. ஆர் என்று பார்ப்பதற்குக் கணினி தேவைப்படவில்லை.

"நான் நேரை வாறன்," என்று மட்டும் சொன்னான்.

மனைவி நிசாந்தினி குசினிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவளுக்கும் அது ஓய்வு நாள். மருந்துக்கடையில் ஐந்து நாளும் நின்று கால் வீங்கியிருந்தது.

"எங்கை வெளிக்கிடுறீங்கள்? பிரணவிக்குப் பத்தரைக்கு நீச்சல்."

"ஒனிஹங்காவுக்கு. ஒரு சின்னப் பிரச்சினை."

"வேலைப் பிரச்சினையோ, சங்கப் பிரச்சினையோ?"

அவன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "தெரியேல்லை," என்றான்.

"இதுக்குமோ தெரியாது?" என்றாள் அவள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பியவள்போலக் கேட்டாள். அது அவனை இன்னும் குழப்பியது.

கிளெமென்ட்டின் வீடு ஒனிஹங்காக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு தச்சுப் பட்டறையை ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி அன்ரனீற்றா. உள்ளே சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்கள். ஞானஸ்நானப் பத்திரம், இடம்பெயர்ந்தோர் அட்டை, கொழும்பில் பதிந்த பொலிஸ் துண்டு, நியூசிலாந்துக் குடியுரிமைச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம்கூட. எல்லாவற்றையும் வைத்திருந்த தடித்த பிளாஸ்ரிக் பை கதிரையின் முதுகில் தொங்கியது. ஒன்பது வருடத்தில் யசீகரன் இப்படியான காகிதங்களின் பிரதிகளை ஆயிரக்கணக்கில் திரையில் பார்த்திருக்கிறான். அவை வெளிவரும் பையை அன்றுதான் பார்த்தான்.

"இதிலை எது காணும் அண்ணை?" என்று கேட்டார் கிளெமென்ட். சவரம் செய்யாத முகம். போன வருடம் ஐந்து விக்கெற் எடுத்துவிட்டுச் சிரித்த ஆளா இது என்றிருந்தது. "பள்ளிக்கூடச் சான்றிதழ் மட்டும் இல்லை. அது தொண்ணூற்றைஞ்சிலை போச்சுது."

யசீகரன் உட்காரவில்லை. "கிளெமென்ட், அதை அனுப்பினது நான்தான்."

"நீங்களோ?"

"தெரியாமல் அனுப்பினது. உங்கடை வேலைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கடை ஃபக்ரறி ஒண்டும் கேக்கேல்லை." பிறகு அவன் சொன்னான். சஞ்சீவனின் மின்னஞ்சல், தலைவரின் அழைப்பு, கணினி, பொத்தான். சொல்லச் சொல்ல அந்தக் கதை அவனுக்கே நம்பமுடியாததாக மாறிக்கொண்டு போனது.

"கிரிக்கெட்டுக்கோ?" என்றார் கிளெமென்ட்.

"ஓம்."

"கிரிக்கெட்டுக்கோ?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அன்ரனீற்றா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்க இடமில்லாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "இந்த மனுசன் நேற்றுப் பின்னேரம் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை," என்றாள். "விசாவையும் பறிச்சுப்போடுவினமோ எண்டு கேக்கிறார். சிற்றிசன் ஆகிப் பன்னிரண்டு வருசம்! நான் சொன்னாக் கேக்கிறாரில்லை."

யசீகரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்டான். எத்தனை தடவை கேட்டான் என்பது தெரியாது. ஒரு கட்டத்தில் கிளெமென்ட்தான் கதிரையில் கிடந்த காகிதங்களைத் தள்ளி இடம் பண்ணி, "இருங்கோ," என்றார்.

"நீங்கள் என்னட்டைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன். நான் உங்கடை பள்ளிக்கூடம் இல்லை. நான் பின்னேரப் பள்ளிக்கூடம்."

அந்த இரண்டு சொல்லும் காதில் விழுந்ததும் யசீகரனுக்கு எல்லாம் விளங்கியது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வடகரைச் சனம் முழுக்க எழும்பி வந்தபோது, கடலோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அடுத்த வருடத்திலிருந்து திருநெறிக் கல்லூரிக் கட்டடத்தைப் பின்னேரங்களில் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். காலைப் பொடியன்கள் வெளியே போவார்கள். வாசலில் காத்து நிற்கும் பின்னேரப் பொடியன்கள் உள்ளே வருவார்கள். ஒரே வாங்கு, ஒரே கரும்பலகை. ஐந்து வருடம் அந்த வாசற்படலையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கடந்திருக்கிறார்கள். அவர்களை எல்லோரும் 'பின்னேரப் பள்ளிக்கூடம்' என்றுதான் சொன்னார்கள். அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று யசீகரன் ஒருநாளும் யோசித்ததில்லை.

"உங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பேர் என்ன?" என்று கேட்கும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆரோக்கியநாதர் வித்தியாலயம். இப்ப இல்லை. கட்டடமும் இல்லை. வேறை ஒரு பள்ளிக்கூடத்தோடை சேத்துப்போட்டினம். நூற்றிருபது பேர்தான். அதுக்கு ஆர் சங்கம் வைக்கிறது?" அவர் ஒரு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "வரதன் எங்கடை ஃபக்ரறிக்கு வயரிங் செய்ய வந்தவர். கதை வழியிலை மணிக்கூட்டைப் பற்றிச் சொன்னன். டேய் நீ எங்கடை ஆளெல்லோ எண்டு கட்டிப்பிடிச்சார். என்னை விடேல்லை. படிவத்திலை 'கல்லூரியில் கல்வி கற்ற காலம்' எண்டு இருந்தது. கல்லூரியிலைதானே படிச்சனான்? பொய் எழுதேல்லை அண்ணை."

பொய் இல்லை. மெய்யும் இல்லை. யசீகரனின் கணினியில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

"ஒரு விசயம் மட்டும் மனசிலை கிடந்தது," என்றார் கிளெமென்ட், ஏதோ விலைவாசி சொல்வதுபோல. "தொண்ணூற்றிமூண்டிலை எங்களுக்கு லைப்ரரியைப் பூட்டிட்டினம். புத்தகங்கள் காணாமல் போகுதாம். உங்கடை பெடியள் எடுக்கமாட்டினமாம், அப்ப நாங்கள்தானே."

எட்டாம் வகுப்பில் ஒரு உலகப்படப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு யசீகரன் வீட்டுக்குப் போயிருந்தான். திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்திருந்தான். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது அது அலுமாரியில் இருந்தது. முப்பது வருடத்தில் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை, நிசாந்தினியிடம்கூட. இப்போது சொன்னான். சொல்லிவிட்டு, என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்வது என்று இருந்தான்.

கிளெமென்ட் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அன்ரனீற்றா பயந்துபோனாள்.

"நான் ரெண்டு எடுத்தனான்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒண்டு இங்கிலீசு டிக்சனரி. மற்றது என்ன புத்தகம் எண்டே தெரியாது. நல்ல படங்கள் இருந்துது, எடுத்தனான். அவை பூட்டினது சரிதான்."

யசீகரன் திட்டுக்கு ஆயத்தமாக இருந்தான். மன்னிப்புக்கும் ஆயத்தமாக இருந்தான். இது இரண்டிலும் சேரவில்லை. ஆறிப்போன தேநீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். சிரிக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அஸ்வினியிடம் மட்டும் விசயத்தைச் சொன்னான். அவள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"சார், இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. டூப்ளிகேட்னு போட்டு நானே க்ளோஸ் பண்ணிடுறேன். இருநூத்திச் சொச்சத்துல இது யாருக்குத் தெரியப் போகுது? இருக்குற நிலைமையில உங்க பேருதான் முதல்ல அடிபடும்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. யசீகரன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு நேரே லோசாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். நேர்மையினால் சொன்னானா, அல்லது இனி ஒரு விசயத்தையும் நினைவில் வைத்திருக்க முடியாத களைப்பினால் சொன்னானா என்பது அவனுக்குத் தெளிவாக இல்லை.

லோசா கடைசிவரை கேட்டாள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை தரவேண்டியிருக்கும், தனக்கு வேறு வழியில்லை என்றாள். அதன் பிறகு அவன் முன்னாலேயே கிளெமென்ட்டை அழைத்து, அந்த மின்னஞ்சல் தவறு, அது எங்கும் பதிவாகாது, தன்னை மன்னிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். அதை உறுதிசெய்து கடிதமும் அனுப்பினாள். அன்று மாலையே வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டதாகக் கிளெமென்ட்டிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

"இந்தச் சங்க வேலையை நீ ஏன் செய்கிறாய், யசி?" என்று கிளெமென்ட்டுடன் பேசி முடித்த கையோடு லோசா கேட்டாள்.

அவன் யோசித்தான். கல்லூரிமீது பற்று என்று சொல்லலாம். ஆனால் அங்கே படித்த காலத்தில் அவனுக்கு அந்த இடம் பெரிதாகப் பிடித்திருக்கவில்லை. "தெரியாது," என்றான், மூன்று நாளில் எத்தனையாவது தடவையோ.

"நான் எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் அறுபது பேருக்குச் சமைக்கிறேன். திங்கட்கிழமை நிமிரமுடியாது," என்றாள் லோசா. "ஏன் என்று எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன்."

அன்று மதிய இடைவேளையில் ரயில் மேடையில் உட்கார்ந்து கோடுபோட்ட தாளில் அந்தக் கடிதத்தைக் கையால் எழுதினான். 'திரு. கிளெமென்ட் 1991 முதல் 1995 வரை எமது கல்லூரிக் கட்டடத்தில், பின்னேர நேரத்தில், இடம்பெயர்ந்து வந்த ஆரோக்கியநாதர் வித்தியாலய மாணவராகக் கல்வி கற்றார்.' அவ்வளவுதான். படமெடுத்துக் குணரத்தினத்துக்கும் சஞ்சீவனுக்கும் ஒன்றாக அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஸூமில் அவசரக் கூட்டம்.

"நீர் ஏன் காணும் எல்லாத்தையும் எழுதினனீர்?" என்றார் குணரத்தினம். "எங்கடை ஆள் எண்டு ஒரு வரி எழுதச் சொன்னா, சரித்திரம் எழுதி அவையளுக்கும் அனுப்பியிருக்கிறீர்!"

"விசாரிக்கச் சொன்னீங்கள் ஐயா."

"சரி, விசாரிச்சாச்சு. பின்னேரப் பள்ளிக்கூடம் எங்கடை பள்ளிக்கூடம் இல்லை. அந்த ஆள் எடுபடாது. முடிஞ்சுது."

வரதராஜன் விடவில்லை. சங்கத்து விதிகள் எழுதிய யாப்பைத் தூக்கிக் கமராவுக்கு முன்னால் பிடித்தான். "ஐயா, மூண்டாம் பிரிவு. 'கல்லூரியில் கல்வி கற்ற எவரும்'. கல்லூரியில்! கல்லூரியின் மாணவர் எண்டு இல்லை. எங்கை படிச்சவர்? கல்லூரியில்!"

"அப்ப கல்லூரியிலை மாடு மேய்ச்சவனும் அங்கத்தவனோ?"

"மேய்ச்சவன் கல்வி கற்றவனோ ஐயா?"

எட்டுச் சதுரங்களில் எட்டு வாய்களும் ஒன்றாக அசைந்தன. பிரணவி தண்ணீர் எடுக்க வந்தவள் தகப்பனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அப்பா, ஆர் தே ஃபைற்றிங்?" என்று கேட்டாள். "இல்லையம்மா, கதைக்கினம்," என்றான்.

வாக்கெடுத்தார்கள். தலைவருக்கு வாக்கில்லை. சேர்க்கலாம் என்று மூன்று, கூடாது என்று மூன்று. மிச்சம் செயலாளர்.

"எனக்குத் தெரியேல்லை," என்றான் யசீகரன்.

"அப்பிடி ஒரு வோட்டு இல்லைத் தம்பி."

மேசை நிறையக் காகிதம் பரப்பி வைத்திருந்த அந்த வீடு அவனுடைய கண்ணில் வந்தது. அது ஒரு நியாயமாகுமா? வந்தது, அவ்வளவுதான். "எங்கடை ஆள்," என்றான்.

அதே சூட்டோடு வட்சப் குழுவில், வேலைப்பளு காரணமாகச் செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகவும் எழுதிவிட்டான். காலையில் பார்த்தபோது பதினொரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். விலகலை ஏற்றுக்கொண்டார்களா, இவ்வளவு நாள் செய்ததைப் பாராட்டினார்களா என்பது விளங்கவில்லை. குணரத்தினமும் ஒரு விரல் போட்டிருந்தார். அதற்குக் கீழேயே, 'தம்பி, சனிக்கிழமைக்கு ஐஸ் பெட்டி ஆர் கொண்டு வாறது?' என்று கேட்டிருந்தார்.

புதன்கிழமை சஞ்சீவனின் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி. ஆரோக்கியநாதர் வித்தியாலயம் இடம்பெயர்ந்த முதல் வருடம் தங்கள் வாகீசக் கல்லூரியில்தான் பின்னேரங்களில் நடந்தது. தன் தாயார் வசந்தமலர் ரீச்சர் அந்த வருடம் அங்கே படிப்பித்தவர்; தொலைபேசியில் கேட்டதும், இடக்கையால் எழுதுகிற கிளெமென்ட்டை நன்றாக நினைவிருக்கிறது என்றாராம். ஆகவே திருநெறியின் கணக்கில் அவர் பழைய மாணவர் என்றால், வாகீசத்தின் கணக்கிலும் பழைய மாணவர்தான். தங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் எந்தப் பக்கம் என்பதை அவரே சொல்லட்டும்.

யசீகரன் அதை மூன்று தரம் வாசித்தான். பிறகு அப்படியே கிளெமென்ட்டுக்கு அனுப்பினான். பதிலுக்கு ஒரு சிரிப்புப் படம் மட்டும் வந்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். மைதானத்தின் ஓரத்தில் இரண்டு கூடாரங்கள், நடுவில் குழந்தைகள். பத்து மணிக்குக் கிளெமென்ட் வெள்ளை உடுப்போடு வந்து இறங்கினார். பின்னால் அன்ரனீற்றா பொரித்த ரோல்ஸ் அடுக்கிய பெரிய தட்டோடு வந்தாள். இரண்டு கூடாரமும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தன. அவர் நேரே யசீகரனிடம் வந்தார்.

"வாகீசக்காரரிட்டைப் பத்துப் பேர்தானாம். ஒரு டொக்டரை ஆஸ்பத்திரியிலை கூப்பிட்டிட்டினமாம். நான் இண்டைக்கு அங்காலை விளையாடட்டோ? குறை நினையாதேங்கோ."

"நாங்கள் உங்களை வோட்டெடுத்துச் சேர்த்தனாங்கள்," என்றான் யசீகரன் பலவீனமாக.

"அது தெரியும். வரதன் சொன்னவர். பெரிய உபகாரம்." கையைப் பிடித்து அழுத்திவிட்டு அங்கே போய்விட்டார்.

யசீகரன் ஆறாவதாகத் துடுப்பெடுத்து இறங்கியபோது பந்து கிளெமென்ட்டின் கையில் இருந்தது. முதல் பந்தைத் தடுத்தான். இரண்டாவதில் விளிம்பில் பட்டு மூன்று ஓட்டம் கிடைத்தது. மற்றப் பக்கத்தில் நின்றவன் ஒன்றெடுக்க மறுபடி அவன் முறை. அந்தப் பந்து மெதுவாக, வெகு மெதுவாக, அவன் விரும்பிய இடத்துக்கே வருவதுபோல வந்தது. தரையில் குத்தியதும் அது மனம் மாறித் திரும்பியது. திரும்பிப் பார்த்தபோது விக்கெற்றின் நடுக்குற்றி சரிந்து கிடந்தது.

வாகீசக்காரர் துள்ளினார்கள். அதைவிடப் பெரிய சத்தம் திருநெறிக் கூடாரத்திலிருந்து வந்தது. குணரத்தினம் ஐயா கதிரையை விட்டு எழும்பி, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீரோ பந்தை! அவன் எங்கடை பெடியன் காணும்! எங்கடை பள்ளிக்கூடத்திலை படிச்ச பெடியன்!"

"ஐயா, விழுந்தது எங்கடை விக்கெற்," என்றான் வரதன்.

"விழட்டும்! பந்து ஆரின்ரை? அதைச் சொல்லும்!"

யசீகரன் துடுப்பை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தான். தோற்கத்தான் போகிறார்கள். அவமானமாக இருக்கவேண்டும். ஆனால் கண்ணுக்குள் வெயில் அடித்ததாலோ என்னவோ முகம் தானாகவே சிரித்தபடி இருந்தது. நிசாந்தினி அதைக் கவனித்தாள்.

பிரணவி கையில் பாதி ரோல்ஸோடு ஓடி வந்தாள். "அப்பா, விச் ரீம் இஸ் ஹீ ஒன்?"

"இண்டைக்கு அவையோடை."

"அண்ட் நெக்ஸ்ற் இயர்?"

அவன் திரும்பி மைதானத்தைப் பார்த்தான். கிளெமென்ட் பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்காரரும் ஒரே நேரத்தில் தன்னிடம் கத்துவதைக் கேட்டு நின்றார். யாருக்குக் கைகாட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லைப் போலும். பொதுவாக ஒருதரம் காட்டிவிட்டு அடுத்த பந்துக்கு நடந்தார்.

"அவர் சொன்னாத்தான் தெரியும் பிள்ளை," என்றான் யசீகரன். "அந்த ரோல்ஸிலை அப்பாவுக்கும் ஒரு கடி தா."